மதுரையில் ஆக்டோபஸ் வளர்க்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் வீடுகளிலும் கடைகளிலும் இருக்கும் கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். கலர் மீன் வளர்ப்பவர்கள் ஊரில் ஏராளம். கடல் மீன் வளர்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும் பேச்சு ஒரு கட்டத்தில் ஆக்டோபஸில் வந்து நின்றுவிடுகிறது. செல்போனில் ஏதாவது வீடியோ பார்த்திருப்பார்கள். போன மாதம் மட்டும் நான்கு பேர் கேட்டார்கள். அதனால் என் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டு, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன். நானும் ஒரு முறை வளர்த்துப் பார்த்தவன். அந்தக் கதையும் இடையில் வரும்.

அண்ணே, ஆக்டோபஸ் வீட்டில் வளர்க்கலாமா, கூடாதா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

வேண்டாம். கடலோரத்தில் குடியிருந்து, கடல்நீர்த் தொட்டியில் பல வருடம் கைப்பழக்கம் உள்ளவருக்கே இது சிரமமான காரியம். மண்டபத்தில் இருந்து சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி, கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்யப் போனால், அந்த உயிர் கஷ்டப்பட்டுத்தான் சாகும். ஏன் என்பதைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஆக்டோபஸும் நாம் சாப்பிடும் கணவாயும் ஒன்றுதானா?

ஒரே குடும்பக்கிளை, ஆனால் வேறு வேறு. மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் ஆக்டோபஸைப் பேய்க்கணவாய் என்பார்கள். ஊசிக்கணவாயும் ஓட்டுக்கணவாயும்தான் கடையில் வாங்கி வறுப்பது. அவற்றுக்கு எட்டுக் கையோடு, இரை பிடிக்கும் நீண்ட கைகள் இரண்டும் தனியாக உண்டு. உடம்புக்குள் ஊசி மாதிரியோ ஓடு மாதிரியோ ஒரு தாங்கல் இருக்கும். பேய்க்கணவாய்க்கு எட்டுக் கை மட்டும்தான். எலும்பும் இல்லை, ஓடும் இல்லை. வாயில் இருக்கும் கிளி மூக்கு போன்ற அலகு ஒன்றுதான் அதன் உடம்பிலேயே கெட்டியான பகுதி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தொட்டிக்கு மூடி போடும் இடத்தில் மறுபடி வரும்.

வீட்டில் ஏற்கெனவே கலர் மீன் தொட்டி இருக்கு. அதிலேயே விட்டால் என்ன?

செத்துவிடும். இந்தக் கணவாய்க் கூட்டத்தில் நன்னீரில் வாழும் இனம் என்று ஒன்றுகூடக் கிடையாது. குளத்திலும் இல்லை, ஆற்றிலும் இல்லை, கண்மாயிலும் இல்லை. அதன் உடம்பில் இருக்கும் நீரின் உப்பும் கடலின் உப்பும் ஏறக்குறைய ஒரே அளவு. நன்னீரில் போட்டால் தண்ணீர் உடம்புக்குள் ஏறி, தாங்காமல் போய்விடும்.

அப்போ கல் உப்பு கரைத்து ஊற்றினால் கடல் தண்ணீர் ஆகிவிடாதா? தூத்துக்குடி உப்பு கடலில் இருந்துதானே வருது?

இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. கடலில் இருந்து எடுத்ததை மறுபடி தண்ணீரில் கரைத்தால் கடல் வர வேண்டும் அல்லவா?

வராது. உப்பளத்தில் நடப்பது ஒரு பிரிப்பு வேலை. கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காய வைக்கும்போது சுண்ணாம்புச் சத்து முன்னாலேயே அடியில் படிந்துவிடுகிறது. அதன் பிறகுதான் நாம் சாப்பிடும் உப்பு பூக்கிறது. மக்னீசியம் முதலானவை கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு வடிந்து போய்விடும். கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அதில் கால்சியம் மட்டும் 400 மில்லிகிராம் அளவு, மக்னீசியம் 1,300 மில்லிகிராமுக்குக் கிட்டத்தட்ட. கல் உப்பில் இதெல்லாம் பெரும்பாலும் போயிருக்கும். அதனால்தான் கடல்நீர்த் தொட்டிக்கு என்றே தனி உப்புக் கலவை விற்கிறார்கள். அதையும் ஆர்ஓ தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். நம் ஊர் போர் தண்ணீர் பல பகுதிகளில் ஏற்கெனவே உப்புத் தண்ணீர், மாநகராட்சித் தண்ணீரில் குளோரின்.

ராமேஸ்வரம் போறப்போ கேனில் கடல் தண்ணீர் பிடித்து வந்துவிட்டால் செலவு மிச்சம்தானே?

ஒரு தடவை பிடித்து வரலாம். 300 லிட்டர் தொட்டி என்றால் வாரம் பத்தில் ஒரு பங்கு, அதாவது 30 லிட்டர் மாற்ற வேண்டும். ஆக்டோபஸ் இருந்தால் இன்னும் கூடுதலாக. வாரா வாரம் யார் போய் வருவது?

தவிர, நாம் தண்ணீர் பிடிக்கும் இடம் கரையோரம். அக்னி தீர்த்தம் மாதிரி ஆயிரக்கணக்கானவர்கள் குளிக்கும் இடத்தில் பிடிக்கவே கூடாது. படகு நிற்கும் துறையில் டீசல் கலந்திருக்கும். சுத்தமான இடத்தில் பிடித்தாலும், அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் நிறைய உண்டு. மூடிய கேனில், வெயிலில், நான்கு மணி நேரம் வண்டியில் வரும்போது அவை செத்து அழுக ஆரம்பித்துவிடும். வீட்டில் திறந்தால் நாற்றம் வரும்.

எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்? மொத்தம் எவ்வளவு ஆகும்?

கையளவு இருக்கும் சின்ன இனத்துக்கே 200 லிட்டருக்குக் குறையக் கூடாது. 300 இருந்தால் நல்லது. தண்ணீர் மட்டுமே 300 கிலோ. கண்ணாடி, மணல், கல் சேர்த்தால் 400ஐத் தாண்டும். பழைய வீட்டு மாடியில் வைப்பதாக இருந்தால் அதையும் யோசிக்க வேண்டும். முதல் தடவை மட்டும் பத்தரைக் கிலோ உப்புக் கலவை போகும்.

தொட்டியை நிரப்பிய மறுநாளே உயிரை விடக் கூடாது. மீனானாலும் கணவாயானாலும் கழிவாக அமோனியா வெளியே விடும், அது விஷம். அதைத் தின்று பாதிப்பு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் குடியேற வேண்டும். மீனுக்கு ஆறு வாரம் போதும். ஆக்டோபஸ் நிறையத் தின்று நிறையக் கழிக்கும், ஆகவே மூன்று மாதமாவது காத்திருக்க வேண்டும். வெறும் தண்ணீர் ஓடும் தொட்டியை மூன்று மாதம் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை பெரும்பாலானவர்களுக்கு இருப்பதில்லை.

செலவைப் பொறுத்தவரை, தொட்டி, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர், பம்புகள், ஆர்ஓ, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், உப்பு எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்தைத் தாண்டாமல் நான் பார்த்ததில்லை. அதற்கு மேல் மாதாமாதம் கரண்டு பில்.

மதுரை வெயில் அதுக்கு ஒத்துக்குமா? நாங்களே தாங்குறோமே?

நாம் வியர்த்துத் தாங்குகிறோம். அதற்கு அந்த வழி கிடையாது. தண்ணீர் சூடானால் அதன் உடம்பும் அதே சூட்டுக்குப் போய்விடும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. அதே நேரம் சூட்டினால் அதன் உடம்புக்குள் நடக்கும் வேலைகள் வேகமாகி, இன்னும் அதிக ஆக்சிஜன் கேட்கிறது. தேவை கூடுகிறது, வரத்து குறைகிறது. நம் பக்கத்து இனங்களுக்கு 25, 26 டிகிரியில் வைத்தால் பாதுகாப்பு. அக்னி நட்சத்திரத்தில் மதுரை வீட்டு ஹாலில் இருக்கும் தொட்டித் தண்ணீர் 33, 34 டிகிரி போவதை நான் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஆகவே சில்லர் கட்டாயம். அந்தச் சில்லர் தண்ணீரில் இருந்து இழுத்த சூட்டை அறைக்குள்ளேயே கக்கும் என்பதால், காற்றோட்டம் இல்லாத அறையில் வைத்தாலும் பயனில்லை.

அடுத்த சிக்கல் மின்தடை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் மாலை வரை கரண்டு இருக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சில்லர் 200 வாட்ஸ், பம்புகள் 60 வாட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு இன்வெர்ட்டரில் 150 ஏஎச் பேட்டரி ஒன்று இருந்தால், அது புதிதாக இருக்கும்போதே ஐந்து மணி நேரம் தாக்குப்பிடிக்கும். பழைய பேட்டரி என்றால் மூன்று. அதுவும் வீட்டில் மின்விசிறி, விளக்கு எதுவும் போடாமல். மத்தியானம் இரண்டு மணிக்கு, வெயில் உச்சத்தில் இருக்கும்போது, சில்லர் நின்றுவிடும்.

மன்னார் வளைகுடாவிலேயே தண்ணீர் 29 டிகிரி இருக்குமே? அங்கே வாழ்வது இங்கே வாழாதா?

விவரம் தெரிந்தவர்கள் கேட்கும் கேள்வி இது. உண்மைதான், அங்கே கோடையில் 29, 30 என்று ஏறும். ஆனால் கடல் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். மேலே சூடானால் பேய்க்கணவாய் கொஞ்சம் ஆழத்துக்குப் போகும், பாறை இடுக்கில் நிழலில் ஒடுங்கும். அலை அடித்துக்கொண்டே இருப்பதால் ஆக்சிஜனுக்குக் குறைவில்லை. தொட்டியில் அந்த வழி எதுவும் இல்லை. மேலே சொன்ன மின்தடை நாளில் சில மணி நேரத்துக்குள் நான்கைந்து டிகிரி ஏறிவிடும். கடலே சூட்டைத் தாங்காத வருடங்களும் உண்டு. 2016 கோடையில் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் பெரும் பரப்பில் வெளுத்துப் போயின. தாங்கக்கூடிய சூட்டின் எல்லைக்குப் பக்கத்திலேயே வாழும் உயிரை இன்னும் சூடான ஊருக்குக் கொண்டு வருவது சரியில்லை.

என்ன சாப்பிடும்? கரிமேடு மார்க்கெட்டில் வாங்கிப் போட்டால் போதுமா?

நண்டுதான் முதல். பிறகு இறால், மட்டி. உயிரோடு ஓடும் நண்டைப் பார்த்தால் அது பாய்கிற பாய்ச்சலே தனி. கரிமேட்டுக்கு வரும் கடல் நண்டு ஐஸில் வருவது. செத்த நண்டையும் இறாலையும் பழக்கினால் தின்னும், ஆனால் தின்று மிஞ்சியதை உடனே எடுக்காவிட்டால் தொட்டி நாறிவிடும். ஆற்று இறாலை மட்டும் போட்டு மாதக்கணக்கில் ஓட்டக் கூடாது, கடல் உணவில் உள்ள சத்து அதில் வராது.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுத் தடைக்காலம். நாட்டுப்படகில் வருவது மட்டும் கிடைக்கும், விலையும் ஏறிக் கிடக்கும். சித்திரைத் திருவிழா நெருக்கத்தில், வெயில் உச்சத்தில் இருக்கும் அதே நாட்களில்தான் சாப்பாட்டுக்கும் தட்டுப்பாடு வரும். உறைய வைத்து இருப்பு வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

கூடவே நீமோ மீன் ரெண்டு விடலாமா? தனியா இருந்தா பாவம்ல?

தனியாக இருப்பதுதான் அதற்கு இயல்பு. கூட விடும் மீனையும் நண்டையும் அது தின்றுவிடும். பெரிய மீனாக இருந்தால் மீன் அதன் கையைக் கடிக்கும். இரண்டு ஆக்டோபஸை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று மற்றொன்றைத் தின்பதும் உண்டு.

மேலே கண்ணாடி மூடி போட்டுட்டா வெளியே வராதுல்ல?

வரும். உடம்பில் கெட்டியான பகுதி அலகு மட்டும்தான் என்று முன்பே சொன்னேன். அலகு நுழையும் ஓட்டையில் முழு உடம்பையும் நுழைத்துவிடும். மூடியைத் தூக்குகிற வலுவும் உண்டு. 2016இல் நியூசிலாந்தின் நேப்பியர் நகரக் காட்சியகத்தில் இருந்து இன்கி என்ற ஆக்டோபஸ் தப்பித்த செய்தி உலகம் முழுக்க வந்தது. மூடி கொஞ்சம் திறந்திருந்த இரவில் இறங்கி, தரையில் ஊர்ந்து, 15 சென்டிமீட்டர் அகலமுள்ள வடிகால் குழாய்க்குள் புகுந்து, 50 மீட்டர் கடந்து கடலுக்குப் போய்விட்டது.

என்னிடம் இருந்ததும் ஒரு முறை வெளியே வந்தது. பம்புக் குழாய்க்காக மூடியில் விட்டிருந்த, இரண்டு விரல் நுழையும் சந்து வழியாக. விடியற்காலையில் எழுந்து பார்த்தபோது தொட்டிக்குக் கீழே கிடந்த கால்மிதியில் சுருண்டு கிடந்தது, உடம்பெல்லாம் தூசியும் தலைமுடியும் ஒட்டி. ஈரம் இருந்ததால் உயிர் இருந்தது. தூக்கி விட்டேன், பிழைத்துக்கொண்டது. இன்கிக்குக் குழாயின் மறுமுனையில் கடல் இருந்தது. நம் வீட்டில் இறங்கினால் டைல்ஸ் தரைதான். அந்தக் காலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

கடிக்குமா? விஷம் உண்டா?

கடிக்கும். எல்லா ஆக்டோபஸின் எச்சிலிலும் இரையை மயக்கும் விஷம் கொஞ்சம் உண்டு. சாதாரண இனங்கள் கடித்தால் தேனீ கொட்டிய மாதிரி வலித்து வீங்கும்.

நீல வளைய ஆக்டோபஸ் மட்டும் வேறு. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் உள்ள இனம். எலுமிச்சம்பழம் அளவுதான் உடம்பு, மஞ்சளாக, பார்க்க அழகாக இருக்கும். சீண்டும்போது நீல வளையங்கள் பளிச்சென்று தெரியும். பேத்தை மீனில் இருக்கும் அதே டெட்ரோடோடாக்சின் விஷம் அதில் இருக்கிறது. கடித்தது வலிக்கக்கூட வலிக்காது, ஆனால் மூச்சு விடும் தசைகள் செயலிழக்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. விஷம் இறங்கும்வரை செயற்கை சுவாசம் கொடுத்துக் காப்பாற்றுவது ஒன்றே வழி. இணையத்தில் ‘சின்ன ஆக்டோபஸ், அழகானது’ என்று யாராவது விற்றால், எந்த இனம் என்று தெரியாமல் வாங்கவே வாங்காதீர்கள். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நான் வேறு எதையும் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன்.

பயந்தா மை கக்கும்னு சொல்றாங்களே, தொட்டிக்குள்ளே கக்கினா?

கடலில் கக்கினால் மை பரவிக் கலைந்துவிடும். தொட்டியில் அது போக இடமில்லை. சளி கலந்த மை அதன் செவுளிலேயே படிந்து மூச்சை அடைக்கும். உடனே பாதித் தண்ணீருக்கு மேல் மாற்றி, கரி வடிகட்டி போட வேண்டும். ஆகவே கலந்து வைத்த உப்புத் தண்ணீர் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். கண்ணாடியைத் தட்டும் விருந்தாளி, திடீரென்று போடும் விளக்கு, தெருவில் வெடிக்கும் சரவெடி, இதெல்லாமே அதைப் பயமுறுத்தும்.

ரத்தம் நீலமாமே? மூணு இதயமாமே? நிஜமா?

நிஜம். நம் ரத்தத்தில் இரும்பு ஆக்சிஜனைச் சுமக்கிறது, அதில் செம்பு சுமக்கிறது. அதனால் நீலம். இரண்டு இதயம் செவுள்களுக்கு ரத்தம் தள்ளும், ஒன்று உடம்புக்கு. நீந்தும்போது அந்த உடம்புக்கான இதயம் நின்றுவிடும். அதனால் சீக்கிரம் களைத்துப் போகும். நீந்துவதைவிட ஊர்வதையே அது விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

ரத்தத்தில் செம்பு இருக்கிறது என்பதால் தண்ணீரில் செம்பு கலந்தால் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். தண்ணீரில் கரைந்த செம்பு அதற்குக் கொடிய விஷம். கடல் மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் போடும் மருந்துகள் பலவற்றில் செம்பு இருக்கிறது. ஒரு முறை அந்த மருந்து போட்ட தொட்டியில், பல மாதம் கழித்தும் ஆக்டோபஸை விடக் கூடாது. கல்லிலும் மணலிலும் செம்பு ஒட்டியிருக்கும். செப்புக் குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரும் கூடாது.

நம்மை அடையாளம் தெரிஞ்சுக்குமா? உலகக் கோப்பைக்கு ஜோசியம் சொன்ன ஆக்டோபஸ் மாதிரி?

ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் காட்சியகத்தில் இருந்த பால் என்ற ஆக்டோபஸ், 2010 கால்பந்து உலகக் கோப்பையில், இரண்டு அணிகளின் கொடி ஒட்டிய இரண்டு பெட்டிகளில், எட்டுப் போட்டிக்கும் ஜெயித்த அணியின் பெட்டியையே திறந்தது. அது ஜோசியம் இல்லை, தற்செயல். ஆனால் மூடிய பெட்டிக்குள் இருக்கும் மட்டியை எடுக்கத் தெரிந்த புத்தி உண்மை. அதன் நரம்பணுக்கள் சுமார் 50 கோடி. அதில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இருக்கின்றன.

ஆளை அடையாளம் தெரியும். அமெரிக்காவின் சியாட்டில் காட்சியகத்தில் ஒரே மாதிரி சீருடை போட்ட இரண்டு பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒருவர் எப்போதும் உணவு கொடுப்பார், மற்றவர் குச்சியால் லேசாகச் சீண்டுவார். இரண்டே வாரத்தில் ஆக்டோபஸ்கள் முதல் ஆளைப் பார்த்தால் பக்கத்தில் வந்தன, இரண்டாம் ஆளைப் பார்த்தால் விலகிப் போயின. இதை 2010இல் வெளியிட்டார்கள்.

என்னிடம் இருந்ததும் நான் அறைக்குள் வந்தாலே கண்ணாடிக்கு வந்துவிடும். என் மனைவி வந்தால், ஒளிந்துகொள்ள வைத்திருந்த பானைக்குள் போய்விடும். இதைக் கேட்டால் உங்களுக்கு இன்னும் ஆசை வரும் என்று தெரியும். எனக்கோ, இவ்வளவு தெரிந்த ஒன்றை நாலடிக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறோமே என்றுதான் தோன்றியது. இதற்குப் பொழுது போக வேண்டும். மூடி போட்ட பாட்டில், துளையிட்ட பந்து, இடம் மாற்றி வைத்த கற்கள் என்று தினமும் புதிதாக ஏதாவது கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அதுவே வேலை தேடிக்கொள்ளும். 2008இல் ஜெர்மனியின் கோபர்க் நகரில் ஒட்டோ என்ற ஆக்டோபஸ் மேலே எரிந்த விளக்கில் தண்ணீரைப் பீய்ச்சிப் பீய்ச்சி மின்சாரத்தையே நிறுத்தியது.

எத்தனை வருஷம் உயிரோட இருக்கும்?

பெரும்பாலான இனங்கள் ஒன்று முதல் இரண்டு வருடம். மேலே சொன்ன பால் இரண்டரை வயதில், அதே 2010 அக்டோபரில் இறந்தது. நம் கைக்கு வரும்போது ஏற்கெனவே பாதி வயது போயிருக்கும். குஞ்சாகப் பிடிப்பது அபூர்வம்.

வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் இனப்பெருக்கம். ஆண், சேர்ந்த சில மாதங்களில் தளர்ந்து சாகும். பெண், முட்டையிட்டதும் சாப்பிடுவதை நிறுத்திவிடும். முட்டைகளைத் தடவித் தடவிச் சுத்தம் செய்து, அவற்றின் மேல் தண்ணீரை ஊதிக்கொண்டே இருந்து, குஞ்சு பொரிக்கும் சமயத்தில் செத்துவிடும். இது நோய் இல்லை. கண்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சுரப்பி இதை நடத்துகிறது. ஜெரோம் வோடின்ஸ்கி என்ற ஆய்வாளர் 1977இல் வெளியிட்ட ஆய்வில், முட்டையிட்ட பெண்களிடம் அந்தச் சுரப்பியை எடுத்ததும் அவை முட்டையை விட்டு வந்து மறுபடி தின்னத் தொடங்கின, கூடுதல் காலம் வாழவும் செய்தன.

என் கதை இதுதான். மண்டபம் பக்கத்து நண்பர் ஒருவர் வலையில் காயம் இல்லாமல் வந்த ஒன்றைக் கொடுத்தார். கை விரித்தால் ஒரு தோசைத்தட்டு அகலம். நான்கு மாதம் இருந்தது. நான்காம் மாதம் பானைக்குள்ளே அரிசி அரிசியாக முட்டைகளைத் தொங்கவிட்டது. தனியாக இருந்ததே என்று கேட்பீர்கள். பிடிபடுவதற்கு முன்பே ஆணோடு சேர்ந்திருக்கலாம், விந்தை உடம்பில் வைத்திருந்து பிறகு பயன்படுத்தும். சேராமலே முட்டையிடுவதும் உண்டு. நண்டை உயிரோடு விட்டேன், நண்டு பானையின் வாயில் போய் நின்றது, ஆக்டோபஸ் அதை ஒரு கையால் தள்ளிவிட்டது. ஒரு மாதம் அப்படியே இருந்தது. நிறம் வெளுத்து, கை நுனிகள் தேய்ந்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கையை விட்டுத் தொட்டபோது பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் வாங்கவில்லை, யாருக்கும் வாங்கிக் கொடுக்கவும் இல்லை.

குஞ்சு பொரிச்சா அதை வளர்க்கலாமே?

பெரும்பாலான இனங்களின் குஞ்சு எள்ளு அளவுக்கு இருக்கும். முதல் சில வாரம் கடலில் மிதந்துகொண்டு, மிதக்கும் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்னும். பெரிய ஆய்வுக்கூடங்களே பல பத்தாண்டுகளாக இதில்தான் திணறுகின்றன. வீட்டுத் தொட்டியில் பம்பு இழுத்தே போய்விடும்.

வாஸ்துக்கு மீன் தொட்டி வைப்பாங்களே, அந்த இடத்துல இதை வைக்கலாமா?

வாஸ்து எனக்குத் தெரியாது. மீன் தொட்டிக்கு என்று சொன்ன இடத்தில் மீனை வையுங்கள்.

சட்டப்படி தப்பா?

பேய்க்கணவாய் தினமும் வலையில் வந்து ஏலம் போகும் சரக்கு. உறைய வைத்து வெளிநாட்டுக்கும் போகிறது. ஆனால் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. அங்கே எதையும் பிடிக்கக் கூடாது. தொட்டிக்கு அழகாக இருக்கும் என்று பவளக் கல்லையும் கடல் குதிரையையும் கொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. கரையில் செத்து ஒதுங்கிய பவளத்தையும் எடுத்து வர வேண்டாம்.

வாங்கிட்டேன், இப்போ முடியலை. கடல்ல விட்டுடலாமா?

பிடித்துச் சில நாள்தான் ஆகிறது, வேறு மீன் இருந்த தொட்டியில் விடவில்லை, எந்தக் கரையில் பிடித்தது என்று நிச்சயமாகத் தெரியும் என்றால், தாமதிக்காமல் அதே இடத்தில் விடுங்கள். ஆக்சிஜன் அடைத்த பையில், குளிர்ச்சியாக, இருட்டாக வைத்து, இரவுப் பயணமாகக் கொண்டு போங்கள். வழியில் பைக்குள் மை கக்கினால் மாற்றத் தண்ணீர் கையில் இருக்கட்டும்.

வெளிநாட்டில் இருந்து வந்தது என்றாலோ, மற்ற மீன்களோடு மாதக்கணக்கில் இருந்தது என்றாலோ விடக் கூடாது. தொட்டி நோய்களைக் கடலுக்குக் கொண்டு போவதாகிவிடும். அப்போது கடைசிவரை நன்றாகப் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் கடமை.

நாமதான் அதைப் பிடிச்சு ஏற்றுமதி பண்றோம், சாப்பிடுறோம். வளர்த்தா மட்டும் பாவமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு கல்லூரி மாணவி. அவருக்கு அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. யோசித்து இப்போது எழுதுகிறேன்.

அதற்கு வலி தெரியும் என்பதற்கு நல்ல ஆதாரம் சேர்ந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2010இலேயே ஆய்வுக்கூட விலங்குகளுக்கான விதிகளில் இந்தக் கணவாய்க் கூட்டத்தைச் சேர்த்தது. பிரிட்டன் 2022இல் உணர்வுள்ள விலங்குகள் பற்றிய தன் சட்டத்தில் ஆக்டோபஸையும் கொண்டுவந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் 2024இல் ஆக்டோபஸ் பண்ணைகளுக்கே தடை போட்டன. ஆகவே வலையில் வருவதும் கேள்விக்கு அப்பாற்பட்டது இல்லை. கடலை நம்பிப் பிழைக்கும் மனிதர் பிடிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன், அது அவர் சோறு. ஆனால் வளர்க்கிறேன் என்று கொண்டு வரும்போது, அதை நன்றாக வைத்திருப்பேன் என்று நாமே ஒரு பொறுப்பை ஏற்கிறோம். இந்த ஊரில் இருந்துகொண்டு அந்தப் பொறுப்பை நிறைவேற்ற முடியாது என்பதை நான் பார்த்துவிட்டேன். முடியாது என்று தெரிந்தும் ஏற்பதைத்தான் தப்பு என்கிறேன்.

பையன் அழுது அடம் பிடிக்கிறான் அண்ணே. என்னதான் செய்யட்டும்?

ஒரு சனிக்கிழமை மண்டபம் கூட்டிப் போங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையத்தில் கடல் உயிர்க் காட்சிக்கூடம் இருக்கிறது. பேய்க்கணவாய் அப்போது இருக்கிறதா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள், தேடி வரும் பிள்ளை ஏமாறக் கூடாது. இரவு அங்கே தங்கினால், மறுநாள் விடியலில் படகு வந்து இறங்கும் நேரத்தில் துறைக்குப் போங்கள். மூன்று வகைக் கணவாயையும் பக்கத்தில் பார்க்கலாம். மீனவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள், எந்தப் பாறையில் எப்படி ஒளியும் என்று அவர்கள் சொல்வது போல நான் எழுத முடியாது.

வீட்டுக்கு வந்த பிறகும் ஆசை இருந்தால், 150 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, பண்ணையில் பொரித்து வளர்த்த கோமாளி மீன், அதாவது நீமோ, ஒரு ஜோடி. கடலில் பிடித்ததா, பண்ணையில் பொரித்ததா என்று கேட்டு வாங்குங்கள். அது 27, 28 டிகிரியில் நன்றாக இருக்கும், உறைந்த உணவு தின்னும், பத்து வருடத்துக்கு மேலும் வாழும். இதற்கும் மே மாதத்தில் தொட்டியைக் குளிர்விக்க ஏற்பாடு வேண்டும், மேலே சின்ன மின்விசிறிகளாவது வைக்க வேண்டும். தண்ணீரின் உப்பு அளவை வாரம் ஒரு முறை பையனே அளந்து நோட்டில் எழுதட்டும். ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு உப்பு கலக்காத ஆர்ஓ தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். எல்லோரும் தவறு செய்வது அங்கேதான்.